ஓரத்தில் நிற்பவர்கள்

(திருவண்ணாமலையில் தொண்டர்களிடையே ஆற்றிய உரை)



நம் ஊர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. பௌர்ணமி தோறும் மக்கள் கிரிவலம் வருகிறார்கள். கார்த்திகை தீபத்துக்கோ லட்சக்கணக்கில் வருகிறார்கள். பெரும்பாலோர் காலில் செருப்பு இருக்காது. அவர்கள் வழிபாடு அவர்களுக்கு, நம் வழிபாடு நமக்கு. ஆனால் தாகத்துக்கு மதம் உண்டா? வெறுங்காலில் ஏறும் கண்ணாடித் துண்டு, நீ யார் என்று கேட்டா ஏறுகிறது?

நடப்பவர்களை ஊரே பார்க்கிறது. வருடக்கணக்கில் ஓரத்தில் நின்று தண்ணீரும் மோரும் கொடுப்பவரை, கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் காவலரிடம் சேர்ப்பவரை, மயங்கி விழுந்தவரை 108 வண்டியில் ஏற்றுபவரை யார் பார்க்கிறார்கள்?

வெளிநாடுகளிலும் இதே நிலைதான். ஹாங்காங்கில் 1981ல் கூர்க்கா வீரர்களின் பயிற்சியாகத் தொடங்கிய 'டிரெயில்வாக்கர்' நடை, பின்னர் ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டும் நடையாக வளர்ந்தது. நான்கு பேர் கொண்ட குழு 48 மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டர் கடக்க வேண்டும். அவர்களுக்கு உணவு கொண்டு செல்ல, கொப்புளத்துக்கு மருந்திட, உடன் விழித்திருக்க ஆட்கள் வேண்டாமா? நடந்தவர் பெயர் வெளியே வரும். தாங்கியவர் பெயர் வராது.

பெயர் வராவிட்டால் போகட்டும். நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக.

கார்த்திகை மழைக்காலம். 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையில் மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரே வீட்டுக்குள் 5 சிறுவர்கள் உட்பட 7 பேர் மாண்டார்கள். பன்னிரண்டாம் நாள் தீபம். அவ்வாண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எந்தச் சந்து வழியாக ஆம்புலன்ஸ் நுழைய முடியும் என்பதெல்லாம் எந்த நோட்டீசில் இருக்கிறது? ஆண்டாண்டாக நின்றவர் நெஞ்சில்தான் இருக்கிறது. அவர் படுக்கையில் விழுந்தால் அந்த அறிவும் அவரோடு போய்விடும்!

ஆகவே மூத்தவர்களே! ஆளுக்கு இரண்டு இளைஞர்களைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் கற்றுக் கொடுங்கள். இளைஞர்களே! புகைப்படம் எடுத்ததும் கிளம்பி விடாதீர்கள். விடியற்காலையில் தள்ளாடி வரும் கடைசி முதியவருக்கும் குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும்.

இன்னொன்று. கொடுத்து முடித்ததும் தொண்டு முடிந்து விடுமா? தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஆகவே பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம். தட்டும் குவளையும் பாதையில் கிடந்தால், அதை நாமே குனிந்து பொறுக்க வேண்டும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மம் என்று சிறு வயதிலேயே ஓதியவர்கள் அல்லவா நாம்!

தீபம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். வருகிற பௌர்ணமி இரவிலேயே ஒரு மூத்தவரும் இரண்டு இளைஞர்களுமாக நில்லுங்கள். எல்லாம் வல்ல இறைவன் நம் உழைப்பை ஏற்றுக் கொள்வானாக!