தகவல் தொழில்நுட்ப உட்கட்டமைப்புக் கல்வி
(ஓமலூரில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் கம்ப்யூட்டர்ப் படிப்பைப் பற்றிப் பேச முன்வந்தது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். யாம் செய்த பிழையொன்றைத் தங்கள் முன் ஒப்புக்கொள்ளவே ஈண்டு நிற்கின்றோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், பிளஸ் டூ தேறியதும் எம்மை அடைந்து, "ஐயா! நெட்வொர்க், சர்வர் பற்றிய படிப்பிற் சேர விரும்புகின்றேன், தாங்கள்தாம் அப்பாவிடம் சொல்லவேண்டும்" என்று வேண்டினான். யாமோ, "கம்பி இழுக்கும் வேலைக்குப் பட்டமும் வேண்டுமோ? புரோகிராம் எழுதும் படிப்பிற் சேர்" என்று சொல்லி அனுப்பினோம். அவன் எம் சொல்லைத் தட்டாது அவ்வாறே சேர்ந்தான். மனம் ஒன்றாமையால் முதலாண்டிலேயே படிப்பை விட்டான். கம்பி இழுப்போர் தொழிலை இழித்ததும் பிழை. அறியாததை அறிந்தார்போல் உரைத்தது அதனினும் பெரும்பிழை.

நிற்க. அப்படிப்பு யாதென்பதைப் பின்னரே விசாரித்து அறிந்தோம். நாமறிந்த நீர்ப்பாசனத்தைக் கொண்டே அதனை விளக்குவோம். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. ஆயினும் அதன் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்து வறண்ட ஏரிகளுக்கு ஏற்றித் தரும் திட்டத்தின் முதற்பகுதி 2021-இல்தான் தொடங்கிற்று. அணையில் நீர் நிரம்பினால் மட்டும் போதாது. அது வருதற்கு வழி வேண்டும். அவ்வழியைக் காப்பாரும் வேண்டும்.

செல்போனில் நாம் காணும் செய்தியும் படமும் வயலிற் பாயும் நீர் போல்வன. அவற்றைக் கொணரும் கண்ணாடியிழைக் கேபிள், வழிபிரித்து விடும் ரூட்டர், சேமித்து வழங்கும் சர்வர், மின்சாரம் நின்றால் உதவும் பேட்டரியும் ஜெனரேட்டரும், வெப்பந் தணிக்கும் குளிர்சாதனம், கள்வர் புகாத காவல் ஆகிய இவையெல்லாஞ் சேர்ந்ததே உட்கட்டமைப்பு. இவற்றை அமைக்கவும், பழுது நேர்ந்தவிடத்தைக் கண்டு திருத்தவும் கற்பிப்பதே இக்கல்வி.

இதன் அருமையை ஒரு நிகழ்ச்சியால் உணரலாம். 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவின் அருகே கடலடிக் கேபிள்கள் இரண்டு அறுந்தன. நம் இந்தியாவில் இண்டர்நெட் பெரிதும் தளர்ந்தது. ஒரு வழி அடைபட்டால் மறுவழியிற் செய்தியைத் திருப்புவதும், அம்மறுவழியை முன்னரே சித்தமாக வைத்திருப்பதும் இக்கலையின் தலையாய பாடங்கள்.

கணக்கொன்றும் கேளுங்கள். ஓராண்டிற்கு 8,760 மணி. அதில் நூற்றுக்கு 99.9 பங்கு ஒரு சர்வர் தவறாது இயங்கினும், ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் நின்றுபோகும். அந்நேரம் ஒரு மாணவி கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளாக அமைந்துவிடின் அவள் கதி என்னாகும்? எஞ்சிய அந்தச் சிறு பின்னத்தைக் குறைப்பதற்கே இத்துறையினர் இரவுங் கண்விழிக்கின்றனர். இராப்பணி உண்டென்பதை மறையாது பிள்ளைகளிடஞ் சொல்லவேண்டும்.

இப்படிப்பு கல்லூரிதோறும் வெவ்வேறு பெயரில் வழங்குகின்றது. சிலவிடத்துக் கணினிப் பொறியியலின் ஒரு கூறாகவே அமைகின்றது. ஆதலின் பெயரைக் கண்டு மயங்கற்க. மாணவர் தம் கையாலேயே சர்வரை நிறுவவும் பழுது நீக்கவும் ஆய்வுக்கூடத்திற் பழக்குகின்றனரா என்று நேரிற் சென்று வினவுக. சேலஞ் செல்லும் சாலையில் கருப்பூரிலேயே 1966-இல் தோன்றிய அரசினர் பொறியியற் கல்லூரியும், 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகமும் உள்ளன. சென்று வினவுதற்கு நமக்குத் தொலைவும் இல்லை.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தின் கல்வி நிதி இதுகாறும் மருத்துவத்திற்கும் புரோகிராம் படிப்பிற்குமே சென்றது. அதனை இத்துறைக்கும் விரித்தருள வேண்டும். எம் மாணவன் வரும் ஆண்டில் மீண்டுஞ் சேர விரும்புகின்றான். அவன் தந்தையாரிடம் இம்முறை யாமே சென்று பேசினோம், அவர் இசைந்தார். பொருளே தடையாக நிற்கின்றது. எம் ஒரு மாத ஊதியத்தை அதற்கென இன்று செயலாளரவர்களிடம் ஒப்புவிக்கின்றோம். எஞ்சியது தங்கள் கையில். பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு வழி சொல்லுமுன், அவர்கள் விரும்பும் வழி யாதென ஒருமுறை கேளுங்கள். யாம் கேளாது விட்டோம்.