கொழுப்பு ஈரல்: முரண்படும் முடிவுகள்



டெல்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் பலருடைய வைத்தியக் குறிப்புகள் இரண்டு ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. விடுமுறைக்குச் சென்றபோது மதுரையில் எடுத்த ஸ்கேன் ஒன்று. அலுவலகத்தார் ஆண்டுதோறும் செய்விக்கும் ரத்தப் பரிசோதனை மற்றொன்று. முன்னது ‘ஈரலில் கொழுப்பு, இரண்டாம் படி’ என்கிறது; பின்னது ‘குறையொன்றும் இல்லை’ என்கிறது. எதை நம்புவது? அச்சமூட்டும் தாளை நம்பி உறக்கம் இழப்பாரும் உண்டு. ஆறுதல் தரும் தாளை நம்பி ஆண்டுக்கணக்கில் வாளாவிருப்பாரும் உண்டு. இவ்விரு சாராரையும் கருதியே இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டோம்.

ஈரலைப் பற்றி வைத்தியர் அறிய விரும்புவன மூன்று. கொழுப்பு படிந்திருக்கிறதா? அதனால் ஈரலின் அணுக்கள் புண்படுகின்றனவா? புண்பட்டு ஆறி, மீண்டும் புண்பட்டுத் தழும்பு விழுந்திருக்கிறதா? ஒரு பரிசோதனை இம்மூன்றுக்கும் ஒருங்கே விடை தருவது அரிது. ஆகவே முரண்பாடு என்று நமக்குத் தோன்றுவது பல வேளைகளில் முரண்பாடே அன்று. வேறு வேறு கேள்விகளுக்குக் கிடைத்த வேறு வேறு விடைகளே ஆகும்.

ஒலியலை ஸ்கேன் முதற் கேள்விக்கு உரியது. ஈரல் அணுக்களில் 5 சதவிகிதத்தில் கொழுப்பு சேர்ந்தாலே அது கொழுப்பு ஈரல்தான். ஸ்கேனோ அது 20 அல்லது 30 சதவிகிதத்தை எட்டிய பின்னரே திண்ணமாகக் காட்டும். மேலும், படிநிலை பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. ஓரூரில் முதற்படி என்றது மற்றோரூரில் இரண்டாம் படி ஆவதில் வியப்பில்லை. அப்படி கொழுப்பின் அளவையே குறிக்கும். தழும்பின் அளவைக் குறிப்பதன்று. தழும்பு முற்றிய ஈரலில் கொழுப்பு குறைந்து காண்பதும் உண்டு.

ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் நொதிகள் இரண்டாம் கேள்விக்கு உரியவை. அணுக்கள் புண்படும்போது இவை ரத்தத்தில் மிகும். ஆயினும் கொழுப்பு ஈரல் உடையவர் பலருக்கு இவை இயல்பான அளவிலேயே நிற்கின்றன. மிகுந்திருந்தாலும் காரணம் கொழுப்பாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. மது, சில மருந்துகள், மஞ்சட்காமாலைக் கிருமிகளான ‘பி’, ‘சி’ ஆகியவையும் காரணமாகலாம்.

உயிருக்கு ஊறு செய்வது பெரும்பாலும் மூன்றாவதான தழும்பே. அதனை மதிப்பிட ‘ஃபிப்-4’ என்றொரு கணக்கு உண்டு. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, ஆயிரக்கணக்கில் எடுத்த தட்டணுக்களாலும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்கவேண்டும். 60 வயதுடைய ஒருவருக்கு இரு நொதிகளும் 36, தட்டணுக்கள் 1,50,000 என்று கொள்வோம். தனித்தனியே பார்த்தால் எதிலும் குறையில்லை. கணக்கிட்டாலோ 2.4 வருகிறது. 1.3-க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்பு இருப்பது அரிது; 2.67-ஐத் தாண்டினால் ஐயம் வலுக்கும். இவரோ இடைப்பட்டவர், மேலும் ஆராயத்தக்கவர். (35 வயதுக்குக் கீழ் இக்கணக்கு அத்துணை நம்பத்தக்கதன்று, 65-க்கு மேல் கீழ் வரம்பை 2 எனக் கொள்வர்.)

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். இது கொழுப்புக்கு ஓர் எண்ணும், ஈரலின் விறைப்புக்கு ஓர் எண்ணும் தரும். விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் குறைந்தால் பெரிதும் ஆறுதல் கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் ஈரல் வல்லுநரை நாடவேண்டும். உணவு உண்டவுடன் எடுத்தால் விறைப்பு மிகுந்து காட்டும். ஆதலால் 3 மணி நேரமேனும் வயிறு வெறுமையாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒவ்வாதபோதே சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது பற்றி வைத்தியர் எண்ணுவார். அதுவும் ஈரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கையே காட்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்நோயின் பெயர் 2023-இல் மாற்றப்பட்டது. பழைய தாளில் என்.ஏ.எஃப்.எல்.டி. என்றும் புதிய தாளில் எம்.ஏ.எஸ்.எல்.டி. என்றும் காண்பவர் இரண்டு நோய்கள் வந்தனவோ என்று கலங்க வேண்டியதில்லை.

செய்யவேண்டுவது யாது? எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் சேர்த்து, ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். ‘எனக்குத் தழும்பு உண்டா?’ என்று கேளுங்கள். மதுப் பழக்கம் இருந்தால் மறையாது கூறுங்கள். நீரிழிவோ பருமனோ உடையவர்கள் நொதி இயல்பாயிருக்கிறது என்று இக்கேள்வியைத் தள்ளிப்போட வேண்டா. பருத்த உடலினர் எடையில் 5 சதவிகிதம் குறைத்தாலே ஈரற் கொழுப்பு குறையும். 10 சதவிகிதம் குறைத்தால் தழும்பும் பலருக்குத் தணியும். 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 8 கிலோ. எந்தத் தாள் மெய், எந்தத் தாள் பொய் என்று வழக்காடுவதை விடுத்து, அவை ஒவ்வொன்றும் எதைச் சொல்ல வந்தன என்று அறிவோமாயின் வீண் அச்சமும் வீண் துணிவும் ஒருங்கே அகலும்.