டிராக்டர் வரையப் பழகின கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டைப் பார்த்துக்கொண்டு ரெண்டு மாடும் வைத்திருக்கிறேன். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. எனக்கு முன்னால் பேசிய அக்காக்கள் தையல், ஊறுகாய், காளான் என்று வருமானம் வருகிற விஷயமாகப் பேசினார்கள். நான் பேசப் போவது ஒத்தைப் பைசா வருமானம் இல்லாத விஷயம். நான் டிராக்டர் படம் வரைகிறேன். பென்சிலால் வரைந்து வாட்டர் கலர் அடிக்கிறேன். சிரிக்கிறவங்க சிரிக்கலாம். எங்கள் குழுவிலும் முதலில் எல்லாரும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

பூ வரையலாம், மயில் வரையலாம், சாமி படம் வரையலாம், அதென்ன டிராக்டர் என்று கேட்கிறார்கள். ரெண்டு காரணம் உண்டு.

ஒன்று, டிராக்டர் நிறுத்தின இடத்தில் நிற்கும். மாடு தலையை ஆட்டிக்கிட்டே இருக்கும். கோழி நிக்காது. பிள்ளையை உட்கார வைத்து வரையலாம் என்றால் அஞ்சு நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடும். நாங்கள் இருப்பது காவிரிப் பாசனப் பகுதி. தாளடி அறுவடையும் உளுந்தும் முடிந்துவிட்டால், குறுவைக்குத் தண்ணீர் வரும் வரைக்கும் உழவு வேலை குறைச்சல். வண்டி எங்கள் வீட்டு வேப்ப மரத்தடியில் நாள் கணக்கில் நிற்கும். மதியம் பாத்திரம் கழுவி வைத்த பிறகு, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரம் வரைக்கும் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். எதிரே அது நிற்கும். திண்ணையில் நான் இருப்பேன்.

ரெண்டாவது காரணம்தான் முக்கியமானது. அந்த டிராக்டர் பழைய வண்டி. அதை வாங்கின பணத்தில், குழு மூலமாக என் பேரில் எடுத்த வங்கிக் கடனும் ஒரு பங்கு. மாதா மாதம் பால் காசில் மிச்சம் பிடித்து, கூட்டத்தில் தவணையை எண்ணி வைப்பவள் நான். ஆனால் அந்த வண்டியில் எது என்ன என்று யாராவது கேட்டிருந்தால், ஹாரன் சத்தத்தைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. அது ஆம்பிளைங்க சமாச்சாரம் என்று எல்லாரும் சொல்வார்கள், நாமும் அப்படியே இருந்துவிடுவோம். இங்கே இருக்கிற எத்தனையோ பேர் உங்கள் பேரில் கடன் எடுத்து ஆட்டோ, மோட்டார், பவர் டில்லர் என்று வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பொருளை ஒரு தடவை சுத்தி வந்து நின்னு பார்த்திருக்கோமா?

படம் வரையப் பழகினதுக்கு அப்புறம்தான் நான் சுத்தி வந்து பார்த்தேன்.

இப்போது எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்கள். ஒரு டிராக்டரை நினைத்துப் பாருங்கள். பின் சக்கரம் பெரிசு, முன் சக்கரம் சின்னது, அது எல்லாருக்கும் தெரியும். எத்தனை மடங்கு பெரிசு? சிலர் ரெண்டு மடங்கு என்பீர்கள், சிலர் மூணு மடங்கு என்பீர்கள். நான் தையல் டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். எங்கள் வண்டியில் முன் சக்கரம் ஏறக்குறைய 29 இஞ்ச் உயரம், பின் சக்கரம் ஏறக்குறைய 51 இஞ்ச். அதாவது ஒன்றே முக்கால் மடங்கு. இந்தக் கணக்கு மனசில் இருந்தால் பாதிப் படம் வந்த மாதிரி. டயரின் பக்கவாட்டில் 13.6-28 என்று எழுதியிருக்கும். டயரின் அகலம் 13.6 இஞ்ச், உள்ளே இருக்கிற இரும்பு வட்டம் 28 இஞ்ச் என்று அர்த்தம். எத்தனையோ வருஷமாக அந்த எண்ணைத் தாண்டித்தான் கோலம் போடத் தண்ணி தெளித்திருக்கிறேன்.

வட்டம் போடக் காம்பஸ் வேண்டாம். நம்ம கையிலேயே வளையல் இருக்கு. முன் சக்கரத்துக்கு வளையல், பின் சக்கரத்துக்கு அந்த அளவுக்குத் தகுந்த டப்பா மூடி. பக்கவாட்டில் இருந்து பார்த்து வரைந்தால் வளையல் போதும். கொஞ்சம் கோணத்தில் இருந்து பார்த்தால் சக்கரம் வட்டமாகத் தெரியாது, முட்டை மாதிரி ஒடுங்கித் தெரியும். நம்ப முடியாவிட்டால் ஒரு எவர்சில்வர் தட்டை நேராகப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தட்டு மாறவில்லை, கண்ணுக்குத் தெரிகிற உருவம்தான் மாறுகிறது. தெரிந்ததை வரையாமல் தெரிகிறதை வரையணும். அந்த ஒரு பாடம் பிடிபட எனக்கு ரெண்டு மாசம் ஆனது.

உடம்புப் பகுதிக்கு நம்ம புள்ளிக் கோலம் கைகொடுத்தது. போனில் வண்டியை ஒரு போட்டோ எடுத்து, கடையில் பிரின்ட் போட்டு வாங்கி, அதன் மேல் 8 புள்ளி, 6 வரிசை வைத்தேன். வெள்ளைத் தாளிலும் அதே 8 புள்ளி, 6 வரிசை, இடைவெளி மட்டும் ரெண்டு மடங்கு. எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் நடுவில் எந்தக் கோடு போகிறது என்று பார்த்துப் பார்த்து இழுத்தால் பானெட், ஸ்டியரிங், மட்கார்டு, சைலன்சர் எல்லாம் அதது இடத்தில் வந்து உட்காரும். சிக்குக் கோலம் போடத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையே இல்லை. நாம மார்கழியில் வாசலில் செய்வதைத் தாளில் செய்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் டயரில் இருக்கிற கட்டை. பின் டயரைச் சும்மா கறுப்பாக அடித்துவிட்டால் அது டிராக்டர் மாதிரி இருக்காது, பஸ் மாதிரி இருக்கும். வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள். டயர்க் கட்டைகள் ஓட்டு வீட்டு முகடு மாதிரி, கூர் மேலே பார்த்தபடி சாய்ந்திருக்கும். முன்னால் போய் நின்று பார்த்தால் அதே கட்டை தலைகீழாகத் தெரியும். சக்கரம் முன்னால் உருளும்போது நடுப்பகுதி முதலில் மண்ணில் பதிந்து, சேறு ரெண்டு பக்கமும் விலகி விழணும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். டயரைத் தப்புப் பக்கமாக மாட்டினால் சேற்றில் பிடிப்பு குறையும். இதை நான் எங்க வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "இது உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். யாரும் சொல்லலீங்க, வரைஞ்சேன் என்றேன்.

கலர் அடிப்பதைப் பற்றியும் சொல்கிறேன். ஜான் டீர் என்றால் பச்சை உடம்பு, மஞ்சள் சக்கரம். குபோட்டா ஆரஞ்சு. நியூ ஹாலண்ட் நீலம். எங்களுடையது மாஸி பெர்குசன், சிவப்பு. ஆனால் அந்தச் சிவப்பு ஒரே சிவப்பு இல்லை. வெயில் படுகிற மேல்பக்கம் குங்குமம் மாதிரி இருக்கும், நிழல் பக்கம் காய்ந்த மிளகாய் மாதிரி இருக்கும். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் அழுக்காகிவிடும். சிவப்பில் துளியூண்டு பச்சையைக் கலந்தால் நல்ல நிழல் சிவப்பு வரும். டயருக்கும் நேராகக் கறுப்பு வேண்டாம், நீலமும் பிரவுனும் சேர்த்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும். வாட்டர் கலரில் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. பானெட்டில் வெயில் பட்டுப் பளபளக்கிற இடத்தைப் பூசவே கூடாது. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவைக்கணும். கோலத்தில் மாவு விழாத இடமும் கோலம்தானே, அது மாதிரி.

இனிமேல் சொல்லப் போவதை எல்லாரும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முன்பக்கமும் பக்கவாட்டும் நன்றாக வந்த பிறகு வண்டியின் பின்பக்கத்தை வரைய உட்கார்ந்தேன். கலப்பை மாட்டுகிற இடத்தில் மூணு கை இருக்கும், கீழே ரெண்டு, மேலே ஒன்று. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். பானெட்டில் எழுதியிருக்கும் பேரில் பாதி அவர் பேர்தான். அதற்கு முன்னால் கலப்பையைப் பின்னால் கோர்த்து இழுத்தார்கள். கல்லிலோ வேரிலோ கலப்பை சிக்கிக்கொண்டால் வண்டியின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும். மூணு கை வந்த பிறகு அந்த ஆபத்து குறைந்தது.

அந்த மூணு கைக்கு நடுவில் கெட்டியான இரும்புத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டு இருந்தது. அதில் ஆறு பல். பல்லை எண்ணி எண்ணி வரைந்தேன். இது என்ன என்று எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். பி.டி.ஓ. ஷாஃப்ட், ரோட்டவேட்டரும் கதிரடிக்கிற மிஷினும் இதிலிருந்துதான் ஓடுது என்றார். எவ்வளவு வேகமாகச் சுத்தும் என்றேன். நிமிஷத்துக்கு 540 சுத்து என்றார். நான் அறுபதால் வகுத்துப் பார்த்தேன். நொடிக்கு 9 சுத்து.

அக்கா, உளுந்து அடிக்கும்போது அந்த மிஷினுக்கு அள்ளிப் போடுவது யார்? நாமதான். முந்தானை காத்தில் பறக்க, தலையில் துண்டு தொங்க, அந்தத் தண்டுக்குப் பக்கத்தில் நிற்பது நாமதான். ஒரு நூல் மாட்டினால், ஐயோ என்று கத்துவதற்குள் ஒன்பது சுத்து சுத்திக்கும். கையால் இழுத்து நிறுத்த முடியாது. அந்தத் தண்டுக்கு மேலே ஒரு தகரக் காப்பு இருக்கணும். எங்கள் வண்டியில் அது இல்லை. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் கழற்றிப் போட்டிருக்கிறார். படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்ததால்தான் எனக்கே தெரிந்தது. காப்பு போட்டால்தான் இந்த வருஷம் உளுந்து அடிக்க வண்டி போகணும் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பட்டறையில் கொடுத்து வெல்டிங் வைத்துக் கொண்டு வந்தார். மிஷினுக்குப் போகிற நீளத் தண்டுக்கும் பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டார்.

அந்தப் பின்பக்கப் படத்தைப் பெரிய சார்ட்டில் போட்டுக் கூட்டமைப்பு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது பாருங்கள். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகணும், கூந்தலைக் கொண்டை போடணும், சுத்துகிற தண்டைத் தாண்டக் கூடாது, மிஷினில் சிக்கினதை எடுக்கும் முன் எஞ்சினை நிறுத்தணும். நாலு வரிதான்.

இதைச் சொன்னால், பார்த்தியா, படம் வரைந்தது வீணாப் போகலை என்கிறார்கள். நான் அப்படி நினைத்து வரையவில்லை. காப்பு கண்ணில் பட்டது உபரி. அது கிடைக்காவிட்டாலும் வரைந்துகொண்டுதான் இருப்பேன்.

எங்கள் அத்தை, "கோலம் போட்டா வாசலாவது லட்சணமா இருக்கும், இதைப் போட்டு என்னத்தக் காணப் போற?" என்று கேட்டார்கள். பயிற்சிக்கு வந்த ஒரு அதிகாரி, இதை எப்படி விற்பனை பண்ணலாம் என்று யோசிங்கம்மா என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். ஆனால் சேமிப்புக்கு நோட்டு, கடனுக்கு நோட்டு, வட்டிக்கு நோட்டு, தீர்மானத்துக்கு நோட்டு என்று நம்ம வாழ்க்கையில் எல்லாமே நோட்டில் ஏறியாச்சு. அந்த மதிய நேரத்து ஒரு மணி மட்டும் எந்த நோட்டிலும் ஏறாமல் இருக்கட்டும். விற்க ஆரம்பித்தால் அதுவும் வேலையாகிவிடும். இப்போதெல்லாம் அத்தையே, "இன்னிக்கு வண்டி வெளியில போவுது, காலையிலேயே வரைஞ்சுக்க" என்று சொல்கிறார்கள்.

ஆசைப்படுகிறவர்களுக்காக: பென்சில் ரெண்டு, ரப்பர் ஒன்று, கெட்டியான டிராயிங் நோட்டு ஒன்று, சின்ன வாட்டர் கலர் பெட்டி, பிரஷ் ரெண்டு. இவ்வளவுதான் முதலீடு. பள்ளிக்கூட நோட்டுத் தாள் வேண்டாம், தண்ணி பட்டால் சுருங்கிவிடும். முதல் பத்து நாள் சக்கரம் மட்டும் வரையுங்கள். டிராக்டர்தான் வரையணும் என்று இல்லை. தையல் மிஷினை வரையுங்கள், கிரைண்டரை வரையுங்கள், பம்பு செட்டை வரையுங்கள். எதற்குத் தவணை கட்டுகிறீர்களோ அதை வரையுங்கள். ஒவ்வொரு திருகாணியும் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அது வீட்டுக்காரர் பொருள் என்று நினைக்கத் தோன்றாது.