சர்வருக்குள்ள ஒளிஞ்சிருக்கும் குட்டி கம்ப்யூட்டர்

போன எபிசோட்ல கிளவுட் பத்திப் பேசினதைக் கேட்டுட்டு ஒரு காலேஜ் தம்பி ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "அண்ணா, டேட்டா சென்டர்ல ஒரு சர்வர் ஹேங் ஆயிட்டா, யாரு போய் பவர் பட்டனை அழுத்துவாங்க?" கேள்வி சின்னதுதான். ஆனா பதில் சொல்ல ஒரு முழு எபிசோட் வேணும்.

எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய் ரீபூட் அடிச்சா போச்சுன்னு தோணும். ஆனா எஸ்எஸ்ஹெச் வேலை செய்யணும்னா ஆபரேட்டிங் சிஸ்டம் உயிரோட இருக்கணும். கெர்னல் பேனிக் ஆகி நின்னுபோன மெஷின்ல நீங்க எவ்வளவு கதவைத் தட்டினாலும், திறக்க உள்ள ஆள் இல்லை.

அதனாலதான் சர்வர் மதர்போர்டுல இன்னொரு குட்டி கம்ப்யூட்டரை வெச்சிருக்காங்க. பேரு பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர், சுருக்கமா பிஎம்சி. இதுக்குத் தனி பிராசஸர், தனி மெமரி, தனி ஃபர்ம்வேர், பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. தைவான் கம்பெனி ஆஸ்பீட் தயாரிக்கிற சிப்தான் நிறைய சர்வர்ல இருக்கும். அவங்களோட ஏஎஸ்டி2500 சிப்ல ஓடுறது 800 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் பிராசஸர். உங்க பழைய ஃபோனைவிட ஸ்லோ. சர்வரை ஆஃப் பண்ணாலும் பவர் கேபிள் செருகியிருக்கிற வரைக்கும் இது முழிச்சுக்கிட்டே இருக்கும். டெல் இதை ஐடிராக்னு கூப்பிடுறாங்க, ஹெச்பிஇ ஐலோன்னு கூப்பிடுறாங்க, லெனோவோல எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர். பேரு வேற, ஆளு ஒண்ணுதான்.

இது என்ன பண்ணும்? பவரை ஆன், ஆஃப் பண்ணும். ஒவ்வொரு ஃபேனும் எத்தனை ஆர்பிஎம்ல சுத்துது, சிபியு எவ்வளவு சூடு, எந்த மெமரி ஸ்லாட்ல எரர் வருதுன்னு குறிச்சு வெச்சுக்கும். எல்லாத்தையும்விட முக்கியம், சர்வரோட ஸ்கிரீனை அப்படியே உங்க லேப்டாப்புக்குக் கொண்டுவந்து கொடுக்கும். கீபோர்டும் மவுஸும் சேர்த்து. நீங்க இங்க ஒரு ஐஎஸ்ஓ ஃபைலைக் காட்டினா, அங்க அது டிவிடி போட்ட மாதிரி தெரியும். சென்னையில உக்காந்துக்கிட்டு மும்பைல இருக்கிற வெறும் மெஷின்ல லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணலாம்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனில, ராத்திரி ஒரு டேட்டாபேஸ் சர்வர் ரீபூட்டுக்கு அப்புறம் திரும்பி வரவே இல்லை. பிங் இல்லை, ஒண்ணும் இல்லை. பிஎம்சி வழியா ஸ்கிரீனைத் திறந்து பார்த்தா, ஒரு டிஸ்க் மவுன்ட் ஆகாம, எமர்ஜென்சி மோடுல நின்னு ரூட் பாஸ்வேர்ட் கேட்டுக்கிட்டு இருக்கு. பாஸ்வேர்டை டைப் பண்ணி, அந்த ஒரு வரியை கமென்ட் பண்ணிட்டு ரீபூட் பண்ணதும் மெஷின் எழுந்து வந்துடுச்சு. பத்து நிமிஷ வேலை. இந்த வசதி இல்லைன்னா டேட்டா சென்டர் ஆளுக்கு டிக்கெட் போட்டு, அவர் மானிட்டரைத் தள்ளிக்கிட்டு ரேக்குக்குப் போய், நாம ஃபோன்ல "அண்ணே, இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுது?"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கணும். அதுக்கு நேரக் கணக்குல பில்லும் வரும்.

இடையில ஒரு புலம்பல். பழைய பிஎம்சியில அந்த ஸ்கிரீனைத் திறக்க ஜாவா வேணும். அதுவும் உங்க லேப்டாப்ல இருக்கிற புது ஜாவா இல்லை, எப்பவோ செத்துப்போன வெர்ஷன். இதுக்குன்னே பழைய விண்டோஸ் ஒண்ணை விர்ச்சுவல் மெஷின்ல உயிரோட வெச்சிருக்கிற அட்மின்களை எனக்குத் தெரியும். இப்ப ஹெச்டிஎம்எல்5 வந்தாச்சு, புண்ணியம்.

மானிட்டரிங்ல நிறைய பேர் அலர்ட் மட்டும் பார்ப்பாங்க. நான் கிராஃப் பார்க்கச் சொல்வேன். சர்வருக்குள்ள நுழையுற காத்து 18லிருந்து 27 டிகிரி செல்சியஸுக்குள்ள இருக்கணும்னு ஆஷ்ரே அமைப்போட பரிந்துரை. ஒரே ஒரு சர்வர்ல மட்டும் சூடு ஏறினா அங்க ஃபேனோ தூசியோ பிரச்சினை. ஒரு ரேக் முழுக்க சேர்ந்து ஏறினா, சர்வர்ல ஒண்ணும் இல்லை, ஏசியைப் போய்ப் பாருங்க. அதே மாதிரி, மெமரியில சரிபண்ணக்கூடிய எரர் ஒரே ஸ்லாட்ல திரும்பத் திரும்ப வருதுன்னா அந்த மெமரி சொல்லாம கொள்ளாம போகப்போறதில்லை, சொல்லிட்டுத்தான் போகுது. பிஎம்சியோட ஈவென்ட் லாக்ல எல்லாம் எழுதியிருக்கும். திறந்து படிக்கத்தான் ஆள் இல்லை.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். பவர், ஸ்கிரீன், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் ஒருத்தன் கையில இருக்குன்னா, அவன்தான் அந்த சர்வரோட உண்மையான ஓனர். ஆபரேட்டிங் சிஸ்டத்துல நீங்க போட்டிருக்கிற ஃபயர்வால், ஆன்டிவைரஸ் எதுக்கும் அவன் இருக்கிறது தெரியாது. அந்த இடத்துக்கு நாம எப்படிப் பூட்டு போட்டிருக்கோம்?

இதுக்கான பொது மொழி ஐபிஎம்ஐ. 1998ல இன்டெல், டெல், ஹெச்பி, நெக் சேர்ந்து கொண்டுவந்தது. 2.0 வெர்ஷன் 2004ல வந்தது. யுடிபி 623ன்னு ஒரு போர்ட்ல பேசும். அதுல லாகின் நடக்கிற விதத்தைக் கேளுங்க. நான் ஒரு யூசர் பேரைச் சொன்னா போதும், பாஸ்வேர்டை நான் நிரூபிக்கிறதுக்கு முன்னாடியே, அந்தப் பாஸ்வேர்டை வெச்சுக் கணக்கிட்ட ஹாஷை சர்வர் எனக்கு அனுப்பிடும். அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா உடைக்கலாம். பாஸ்வேர்டோட அதிகபட்ச நீளமும் 20 பைட்தான். இதுல பெரிய கொடுமை, இது யாரோ கோட்ல பண்ண பிழை இல்லை. ஸ்பெசிஃபிகேஷனே அப்படித்தான் எழுதியிருக்கு. அதனால பேட்ச் பண்ண வழி இல்லை. பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் டான் ஃபார்மர் இதைப் பத்தி 2013லயே கத்திச் சொன்னார்.

ஸ்பெசிஃபிகேஷன் ஒரு பக்கம், கோட் இன்னொரு பக்கம். 2017ல ஹெச்பிஇ ஐலோ 4ல ஒரு ஓட்டை வெளிய வந்தது. வெப் ரிக்வெஸ்ட்ல 'கனெக்ஷன்'னு ஒரு ஹெடர் இருக்கும். அதுல ஆங்கில 'ஏ' எழுத்தை 29 தடவை போட்டு அனுப்பினா, பாஸ்வேர்டே கேக்காம உள்ள விட்டுடும். ஹேக்கிங் டூல் எதுவும் வேணாம். விரல் விட்டு எண்ணத் தெரிஞ்சா போதும். பேட்ச் வந்தாச்சு. ஆனா பிஎம்சி ஃபர்ம்வேரை யாரு அப்டேட் பண்றா? ஆபரேட்டிங் சிஸ்டம் டீம் அது ஹார்டுவேர்ங்கும், ஹார்டுவேர் டீம் அது செக்யூரிட்டிங்கும். 2025ல ஏஎம்ஐ கம்பெனியோட மெகாராக் ஃபர்ம்வேர்லயும் லாகினைத் தாண்டிப் போற ஓட்டை வந்தது. உண்மையிலேயே தாக்குதல்ல பயன்படுத்தப்படுறதா அமெரிக்க அரசோட சிசா அமைப்பு ஜூன் மாசம் பட்டியல்ல சேர்த்தது.

"எங்க சர்வர்ல அந்த மேனேஜ்மென்ட் போர்ட்ல கேபிளே செருகலை, எங்களுக்குப் பயம் இல்லை"ன்னு சிலர் சொல்வாங்க. அங்கதான் மாட்டிக்குவாங்க. சூப்பர்மைக்ரோ மாதிரி பல போர்டுகள்ல டீஃபால்ட் செட்டிங் 'ஃபெயிலோவர்'. தனி போர்ட்ல கேபிள் இல்லைன்னா, பிஎம்சி சத்தமில்லாம சாதாரண முதல் லேன் போர்ட்ல ஏறி உக்காந்துக்கும். அந்த போர்ட் இன்டர்நெட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தா, பிஎம்சியும் இன்டர்நெட்டைப் பார்க்கும்.

வாடகை சர்வர் எடுக்கிறவங்களுக்கு இன்னொரு கதை. 2019ல எக்லிப்சியம்னு ஒரு கம்பெனி, ஐபிஎம் சாஃப்ட்லேயர்ல ஒரு பிசிக்கல் சர்வரை வாடகைக்கு எடுத்து, பிஎம்சி ஃபர்ம்வேர்ல ஒரே ஒரு பிட்டை மாத்தி, கூடவே ஒரு யூசரையும் உருவாக்கிட்டு, திருப்பிக் கொடுத்தாங்க. மறுபடி அதே மெஷினைப் பிடிச்சுப் பார்த்தா, யூசரைத் துடைச்சிருந்தாங்க. மாத்தின ஃபர்ம்வேர் அப்படியே இருந்தது. காலி பண்ணிட்டுப் போன குடித்தனக்காரர் கையில டூப்ளிகேட் சாவி இருக்கிற மாதிரிதான்.

அப்போ என்னதான் பண்றது? பிஎம்சிக்குன்னு தனி நெட்வொர்க் போடணும். விபிஎன் வழியா மட்டும்தான் உள்ள போக முடியணும். இதை எல்லாரும் சொல்வாங்க. இதுல யாரும் சொல்லாத இன்னொரு பாதி இருக்கு. அந்தத் தனி வழி உண்மையிலேயே தனியா இருக்கா?

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. நம்ம நேரத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வாக்குல வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூணும் நின்னுபோச்சே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கிட்டு இருந்தோம். பராமரிப்பு வேலையில கொடுத்த ஒரு கமாண்ட், அவங்க டேட்டா சென்டர்களை இணைக்கிற பேக்போன் முழுசையும் கீழ இழுத்துடுச்சு. அந்த கமாண்டைத் தடுக்க வேண்டிய டூல்ல ஒரு பக் இருந்ததால அது தடுக்கலை. டிஎன்எஸ் சர்வர்களும் இன்டர்நெட்ல இருந்து தங்களை விலக்கிக்கிச்சு. சரி, இதுக்குத்தானே அவுட் ஆஃப் பேண்ட் நெட்வொர்க் வெச்சிருக்கோம்? அதுவும் சேர்ந்து போயிருந்ததுன்னு அவங்களே எழுதினாங்க. கடைசியில இன்ஜினியர்களை நேர்ல அனுப்பினாங்க. அங்க உள்ள நுழையறதே கஷ்டம், நுழைஞ்சாலும் மெஷினை லேசுல மாத்த முடியாது. பாதுகாப்புக்காக அப்படித்தான் கட்டியிருந்தாங்க. கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆச்சு.

அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமைன்னா, நம்ம ஊர்ல அம்பத்தூர்லயோ சிறுசேரியிலயோ ரெண்டு ரேக் வாடகைக்கு எடுத்திருக்கிற கம்பெனியை யோசிச்சுப் பாருங்க. பிஎம்சிக்குன்னு தனி விலேன் இருக்கும். ஆனா அது போறது அதே ஸ்விட்ச், அதே ஃபயர்வால் வழியா. விபிஎன் லாகின் கேக்கிறது உள்ள ஓடுற ஒரு சர்வர்கிட்ட. பிஎம்சி பாஸ்வேர்டை வெச்சிருக்கிற வால்ட் ஓடுறதும் அங்கயேதான். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வெளிய நிக்கிற கதை. என்னைக் கேட்டா, செலவு பண்ண மனசு இல்லாத கம்பெனிகூட, வேற ஆபரேட்டரோட 4ஜி ரவுட்டர் ஒண்ணை ரேக்ல மாட்டி, அது வழியா மட்டும் விபிஎன் வெச்சுக்கணும். டேட்டா சென்டர் அனுமதிச்சா, சிக்னலும் கிடைச்சா. பாஸ்வேர்டோட ஒரு காப்பி சீல் வெச்ச கவர்ல இருக்கட்டும்.

ஐபிஎம்ஐக்கு மாத்து வந்தாச்சு. டிஎம்டிஎஃப் அமைப்பு 2015ல கொண்டுவந்த ரெட்ஃபிஷ். சாதாரண ஹெச்டிடிபிஎஸ், ஜேசன்தான். பைத்தான் தெரிஞ்ச யாரும் ஒரு சாயங்காலத்துல பழகிடலாம். புது சர்வர் வாங்கினா ரெட்ஃபிஷை மட்டும் வெச்சுக்கிட்டு ஐபிஎம்ஐ ஓவர் லேனை ஆஃப் பண்ணிடுங்க. ஃபர்ம்வேரே திறந்த மூலமா இருக்கணும்னா ஓபன்பிஎம்சி இருக்கு, லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ. அதைப் பத்தி தனி எபிசோட் பண்ணலாம், நிறைய இருக்கு.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் கிடைச்சுதா? பட்டனை அழுத்துறது அந்த 800 மெகாஹெர்ட்ஸ் சிப். உன் காலேஜ் லேப்ல பழைய சர்வர் ஏதாவது சும்மா கிடந்தா, பின்னாடி தனியா ஒரு நெட்வொர்க் போர்ட் இருக்கான்னு பாரு. லேப் சாரைக் கேட்டுட்டு, காலேஜ் நெட்வொர்க்ல சேர்க்காம நேரா உன் லேப்டாப்ல கேபிளை மாட்டி, ஐபிஎம்ஐடூல் இன்ஸ்டால் பண்ணிப் பாரு. ஃபேன் சத்தம் காதைக் கிழிக்கும், அதுக்கு நான் பொறுப்பில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.