குடியேற்ற நியாயங்களும் நம் கெடாவும்



கடல் கடந்து குடியேற்ற நாடுகளை அமைத்தவர்கள் எவரும் கொள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்லிப் புறப்படவில்லை. வாணிபம் வளரும், அமைதி நிலவும், ஏழைக்குப் பிழைப்புக் கிடைக்கும் என்றுதான் நியாயம் சொன்னார்கள். அம்மூன்றையும் நம் கெடா மண்ணிலே வைத்து நிறுத்துப் பார்ப்போம்.

சீனத்துக்குச் செல்லும் கப்பல்கள் தங்கத் துறைமுகம் வேண்டும் என்றார் பிரான்சிஸ் லைட். 1786-இல் கெடா சுல்தானிடமிருந்த பினாங்குத் தீவு கம்பெனியின் கைக்குப் போயிற்று. சுல்தான் எதிர்பார்த்ததோ சயாமுக்கு எதிரான படைத்துணை. லைட் வாயால் நம்பிக்கை ஊட்டினார். கம்பெனி எழுதித் தரவில்லை. 1791-இல் தீவை மீட்க முயன்ற சுல்தான் தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று பேசி முடித்தார்கள். 1821-இல் சயாம் கெடாவின்மேல் படையெடுத்தபோது கம்பெனி கைகட்டி நின்றது. வாணிபம் வளர்ந்தது உண்மை. அமைதி யாருக்குக் கிடைத்தது?

மூன்றாவது நியாயம் நம்மைப் பற்றியது. எட்வர்ட் கிப்பன் வேக்பீல்ட் என்ற ஆங்கிலேயர் 1829-இல் ஆஸ்திரேலியாவை எண்ணி ஒரு யோசனை சொன்னார்: புதிய நாட்டில் நிலம் மலிவாயிருந்தால் கூலியாள் விரைவில் சொந்தக்காரனாகிவிடுவான், முதலாளிக்கு ஆள் கிடைக்காது, ஆகவே நிலத்தின் விலையை உயர்த்தி வைக்க வேண்டும். மலாயாவில் நடந்ததும் வேறல்ல. நம் முன்னோரைச் சஞ்சிக்கூலியாகக் கொண்டுவந்தார்கள். 1910-இல் அம்முறை ஒழிந்தபின் பெரும்பாலும் கங்காணி மூலம் கொண்டுவந்தார்கள். 1938-இல்தான் இந்திய அரசு தடை போட்டது. காடு வெட்டினோம், மரம் நட்டோம், பால் வெட்டினோம். லயம் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. வேலை போனால் வீடும் போயிற்று.

இதற்கு ஒரு விடையும் கெடாவிலேதான் கிடைத்தது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் கொடுத்த பங்குப் பணத்தில் அது முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சீடிம்.

ஆனால் பழைய நியாயங்கள் இன்னும் சாகவில்லை. இன்று தோட்டம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போகும்போது 'வளர்ச்சி' என்கிறார்கள். வங்காளதேசத்திலிருந்து முகவருக்குக் கடன்பட்டு வருகிறவனைப் பார்த்து 'பிழைப்புத் தருகிறோம்' என்கிறார்கள். அவன் நமக்குப் பகைவன் அல்லன். நம் பாட்டன் வந்த வழியில் வந்தவன். அவனையும் நம்மோடு சேர்த்துக்கொள்வதே சங்கத்துக்கு அழகு.

தோழர்களே! உங்கள் நன்மைக்கென்று எவர் திட்டம் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: நிலம் யார் பெயரில்? வீடு யாருக்கு? எழுத்தில் உண்டா? வாய்ச்சொல்லை நம்பிச் சுல்தானே தீவை இழந்தார். நாம் கையெழுத்தைப் பார்த்த பிறகே தலையசைப்போம்.