கொல்லைப்புறத்தில் ஒரு சைக்கிள் மேடு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைக்குப் பம்ப் டிராக் பற்றிப் பேசப் போகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டதும், போர்வெல் மோட்டார் மறுபடியும் போய்விட்டதா என்று மூன்று பேர் போன் செய்தார்கள். மோட்டார் நன்றாக ஓடுகிறது. இது வேறு பம்ப்.

போன கூட்டத்தில், பேஸ்மெண்ட் பார்க்கிங்கில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். சரியான தீர்மானம்தான். ராம்ப்பில் இறங்கி வரும் காருக்கு, தூணுக்குப் பின்னாலிருந்து வரும் ஆறு வயதுப் பிள்ளை தெரியாது. ஆனால் பிள்ளைகள் வேறு எங்கே ஓட்டுவது என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டைத் தாண்டினால் தெருவில் தண்ணீர் லாரி. இன்னும் கொஞ்ச தூரம் போனால் சி.டி.எச். ரோடு, அதில் சைக்கிளில் போக எனக்கே தைரியம் கிடையாது. ஆகவே சைக்கிள்கள் இப்போது பால்கனியில் துணி உலர்த்த உதவுகின்றன. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பின்பக்கக் காம்பவுண்டு ஓரம் கருவேலமும் கட்டடக் குப்பையும் கிடக்கும் நிலத்தை என்ன செய்யலாம் என்று செயற்குழு கேட்டிருந்தது. அதற்கு என் யோசனை இது.

பம்ப் டிராக் என்பது மண்ணால் ஆன ஒரு சுற்றுப்பாதை. நேரான பகுதிகளில் அலை அலையாகச் சிறு மேடுகள் இருக்கும். திரும்பும் இடங்களில், கிணற்றுச் சுவரைச் சாய்த்து வைத்ததுபோல உள்பக்கம் சரிந்த கரை இருக்கும். அதில் பெடல் மிதிக்காமலே சுற்றிச் சுற்றி வரலாம். எப்படி என்று கேட்டால், ஊஞ்சல் ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். யாரும் தள்ளாமலே, உட்கார்ந்து எழுந்து உந்தி உந்தி உயரம் ஏற்றுகிறோம் இல்லையா? அதே வித்தைதான். மேட்டில் ஏறும்போது கை கால்களை மடக்கி உடலை இலேசாக்க வேண்டும். இறங்கும்போது நீட்டிச் சைக்கிளை அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் வேகமாக மாறும். நல்ல தடத்தில் நான்கு சுற்று வந்தால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். பிள்ளைகளுக்கு இதனால் சமநிலையும், சைக்கிளைச் சாய்த்துத் திருப்பும் பழக்கமும் வரும். நாளைக்கு ரோட்டில் ஒரு பள்ளத்தைப் பார்த்துப் பயந்து ஹேண்டிலைத் திருப்பாமல் இருக்க அது உதவும். நம் ரோடுகளுக்கு இது அத்தியாவசியப் பயிற்சி என்பேன்.

இது புதிய விளையாட்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் 2004-இல் ஒரு சைக்கிள் கடையை ஒட்டி மண்ணால் கட்டப்பட்டது ஆரம்பகாலத் தடங்களில் ஒன்று. பிறகு தார் போட்ட நிரந்தரத் தடங்கள் வந்தன. 2019-இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனமே இதற்கு உலக சாம்பியன் பட்டம் வைத்துவிட்டது. ஆனால் உலகத்தில் இருக்கும் தடங்களில் பெரும்பகுதி இன்னமும் யாரோ ஒருவர் வீட்டுப் பின்னால் மண்வெட்டியால் கட்டியவைதான் என்று நினைக்கிறேன்.

நம் பகுதிக்குச் சைக்கிள் அந்நியம் இல்லை. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் வேரூன்றியது. நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ், அக்காக்கள் ஓட்டிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். பந்தயத் தடமும் அந்நியம் இல்லை. வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல வருஷம் கார் பந்தயம் நடந்தது. பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் தனிப் பந்தயத் தடமே இருக்கிறது. இத்தனை இருந்தும் பத்து வயதுப் பிள்ளை சைக்கிளில் வளைந்து திரும்பிப் பழக ஓர் இடம் இல்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். சிவில் சைட்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளவு சொல்லாமல் பேசினால் எனக்கே பிடிக்காது. பட்டாபிராமில் என் தங்கை வீட்டுக் கொல்லையில் சின்ன அளவில் ஒன்று கட்டியிருக்கிறோம். மூன்று மழைக்காலம் தாண்டி நிற்கிறது. சொல்லப்போவதில் பெரும்பகுதி அங்கே கைப்பட்டு அறிந்தது.

அடிப்படை விகிதம் ஒன்றுக்குப் பத்து. மேடு ஓர் அடி உயரம் என்றால், ஒரு மேட்டு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்குப் பத்து அடி. சின்னப் பிள்ளைகளுக்கு எட்டு அங்குல உயரமும் ஏழடி இடைவெளியும் போதும். தங்கை வீட்டுத் தடம் நாற்பதுக்கு இருபது அடி, அதாவது மூன்றில் ஒரு கிரவுண்டு. இருபதடி நேர்பாதை இரண்டு, இரண்டு முனையிலும் இரண்டடி உயரத் திருப்பம். அதற்கு ஐந்து யூனிட் மண் போயிற்று. தனி வீடு வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால் இந்த அளவைக் குறித்துக் கொடுங்கள்.

இங்கே பெரிய பிள்ளைகளும் இருப்பதால் அறுபதுக்கு முப்பது அடி வேண்டும், முக்கால் கிரவுண்டு. முப்பதடி நேர்பாதை இரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று மேடு. திருப்பக் கரை மூன்றடி உயரம். மேட்டுக்கு ஆகும் மண் கொஞ்சம்தான். திருப்பங்கள்தான் மண்ணை விழுங்கும். கெட்டிப்பட்டால் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு கன அடி. உதிரி மண்ணாக வாங்கும்போது பதினைந்து யூனிட். மூன்று யூனிட் லாரியில் ஐந்து லோடு.

இந்தப் பதினைந்து யூனிட் மண் 60 டன்னுக்குக் குறையாது. ஆகவே பேஸ்மெண்ட் ஸ்லாபின் மேல், சம்ப்பின் மேல், எஸ்.டி.பி. தொட்டியின் மேல் இதைக் கட்டுகிற பேச்சே கூடாது. மொட்டை மாடியில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவர் டாப் ஃப்ளோர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தீயணைப்பு வண்டி சுற்றி வர விட்ட வழியையும் தொடக் கூடாது. பக்கத்துப் பூங்கா நிலத்தைக் காட்டியும் சிலர் கேட்டார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் திறந்தவெளிக்கென்று ஒதுக்கிய 10 சதவீதம் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த நிலம். அதில் மண்வெட்டி வைக்க நமக்கு உரிமை இல்லை, மாநகராட்சிக்கு மனு கொடுக்கத்தான் உரிமை. பின்பக்கத்து நிலம் சங்கத்துக்கே உரியது, அடியில் வெறும் தரை. அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

மண்ணைப் பொறுத்தவரை, நம் பக்கத்து நிலம் பெரும்பாலும் ஏரியும் ஏரிப்பாசனமுமாக இருந்தது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்று சுற்றிலும் நீர். தோண்டினால் வருவது ஒட்டும் களிமண். மழையில் வழுக்கும், சித்திரையில் விரல் நுழையும் அளவு வெடிக்கும். அதை மட்டும் வைத்துக் கட்டினால் ஒரு கோடை தாங்காது. எம்-சாண்ட் கலந்தால் போதுமா என்றால், மணல் அதிகமானால் மேடு நிற்கவே நிற்காது. கொஞ்சம் களி, கொஞ்சம் சவுடு அல்லது செம்மண் என்று கலப்பு வேண்டும். பரிசோதனைக்கு லேப் வேண்டாம். ஈர மண்ணைக் கையில் எடுத்துக் கொழுக்கட்டை பிடியுங்கள். விரல் தடம் பதிந்து, உருண்டை நின்று, அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரியான மண். உதிர்ந்தால் களி போதாது. கையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் களி அதிகம். லாரியில் வாங்கும்போது நடைச்சீட்டு கேளுங்கள். சீட்டு இல்லாத மண் எவ்வளவு மலிவாக வந்தாலும் சங்கத்தின் பெயரில் வாங்கக் கூடாது.

மண்ணை ஒரேயடியாகக் குவித்து மேலே மட்டும் தட்டுவது பலர் செய்வது. உள்ளே பொக்கையாக இருக்கும், முதல் மழையில் உட்கார்ந்துவிடும். நான்கைந்து அங்குலம் மண், தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடி. மறுபடி நான்கைந்து அங்குலம். மேல் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் சலித்த மண். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் ஆட்கள் சேர்ந்தால் ஒரு வாரக் கடைசியில் ஒரு திருப்பம் முடியும். பொங்கல் முடிந்த கையோடு தொடங்குவது உத்தமம். நிலத்தில் ஈரம் இருக்கும், மழை இருக்காது, ஆண்டுத் தேர்வும் நெருங்கியிருக்காது.

அடுத்தது தண்ணீர். எனக்குப் பயம் இதில்தான். சுற்றுப்பாதை கட்டினால் நடுவில் தானாகவே ஒரு கிண்ணம் உருவாகும். ஐப்பசி அடைமழையில் அது குட்டையாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே மிதந்தது நினைவிருக்கும். அதைவிட, சாதாரண மழைக்கு நிற்கும் ஒரு சாண் நீர்தான் ஆபத்து. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே மண் கொட்டும் முன்பே நேர்பாதைக்கு அடியில் நான்கு அங்குல பி.வி.சி. பைப் பதித்து, நடுக்கிண்ணத்து நீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்கு இறக்கிவிட வேண்டும். பைப்பின் வாயில் வலை. இல்லாவிட்டால் இலை அடைக்கும். கட்டிய பின் இதைச் செய்ய முடியாது. இந்தப் பைப்புக்குச் சரிவு கிடைக்கவில்லை என்றால் தடமே வேண்டாம் என்று நானே சொல்வேன்.

அடைமழை மாதங்களில் தார்ப்பாய் போட்டு மூடி, தடத்தை அடைத்துவிடலாம். மழை விட்ட மறுநாள் ஓட்டினால் சக்கரத் தடம் பதிந்து அப்படியே காயும். கோடையில் வாரம் இருமுறை மாலையில் லேசாக நீர் தெளிக்க வேண்டும். பிறகு பெருச்சாளி. நம் வளாகத்துப் பெருச்சாளிகள் எவ்வளவு புத்திசாலிகள் என்று தரைத்தளத்தாருக்குத் தெரியும். திருப்பக் கரையில் பொந்து தெரிந்தால் அன்றே இடித்து மூட வேண்டும்.

ஓட்டுவதற்கான விதிகள் கொஞ்சம்தான். ஹெல்மெட், மூடிய ஷூ, ஒரே திசை, ஒரு நேரத்தில் இரண்டு சைக்கிள். ஸ்டாண்டு, கேரியர், முன்கூடை கழற்ற வேண்டும். பக்கச் சக்கரம் பூட்டிய சைக்கிள் திருப்பத்தில் சாயாது, கவிழ்த்துவிடும். அதற்கு அனுமதி இல்லை. சீட்டை இறக்கி வைத்தால் நல்லது. கியர் சைக்கிள் அவசியமே இல்லை.

சில ஆட்சேபங்கள் எனக்கு வந்தன. வாக்கிங் போகிற பெரியவர்களுக்கு அந்த ஓரம் அமைதியாக இருக்கிறது என்றார் ஒரு மாமி. நியாயம். காலை ஆறரைக்கு முன்பும் இரவு எட்டுக்குப் பிறகும் தடத்தில் யாரும் வரக் கூடாது என்று எழுதி வைப்போம். பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். விழத்தான் செய்யும். மூன்றடி மண் கரையில் முழங்கால் சிராய்ப்பதை, ராம்ப்பில் கார் முன்னால் விழுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தாலும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் யாரையும் விடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மூன்றாவது கேள்வி மெதுவாகத்தான் வந்தது. செக்யூரிட்டி அண்ணன் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களின் பிள்ளைகள் ஓட்டலாமா? அவர்களில் சிலரிடம் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது; நம் பிள்ளைகளைவிட நன்றாகவும் ஓட்டுகிறார்கள். ஓட்டலாம் என்பது என் கருத்து. இதை இப்போதே ஓட்டுக்கு விட்டு மினிட்ஸில் எழுதிவிடுங்கள். தடம் கட்டிய பிறகு கேட்டில் நிற்கும் பிள்ளையிடம் யாரோ ஒருவர் பதில் சொல்லும் நிலைமை வர வேண்டாம்.

பணம் பெரிய விஷயமில்லை. மண், லாரி, அரை நாள் ஜே.சி.பி., பைப், தார்ப்பாய். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கிப் பொருளாளரிடம் கொடுக்கிறேன். எனக்கு வேண்டியது ஆட்கள். மண் தடம் ஊறுகாய் ஜாடி மாதிரி, கவனிப்பு இல்லாவிட்டால் பூஞ்சணம்தான். மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் மண்வெட்டி பிடிக்கப் பத்து பேர் பெயர் கொடுத்தால் தொடங்கலாம். ஒன்பது பேர் என்றால் அந்த நிலத்தில் வாழை வைத்துவிடலாம், வாழை கோபித்துக்கொள்ளாது.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பின்பக்கம் வாருங்கள். நூறடி டேப் நான் கொண்டு வருகிறேன். கோலமாவால் தரையில் தடத்தை முழு அளவில் வரைந்து பார்ப்போம். பிள்ளைகள் சைக்கிளோடு வரட்டும். கோட்டின் மேல் ஓட்டிப் பார்த்தால் திருப்பம் போதுமா என்று அவர்களே சொல்வார்கள். பெயர் கொடுக்கும் நோட்டு செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது. இப்போதைக்கு நான்கு பெயர், அதில் ஒன்று என்னுடையது.