ஆளுக்கோர் அரியம்



மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் குப்பி விளக்கில் படித்தவர்கள் நாங்கள். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் எல்லோருக்குமாக ஒரே ஓர் அரியம். முறை வைத்துப் பிடித்து, சுவரில் விழுந்த நிறங்களைப் பார்த்தோம்.

மெசியே 77 என்ற விண்மீன் மண்டலத்தையும் அப்படித்தான் படித்தார்கள். பிரித்த ஒளியில் விண்மீன்கள் கருங்கோடுகளாகவும் சூடான வாயு ஒளிரும் கோடுகளாகவும் தெரியும். அதன் மையத்தில் வாயுவின் கோடுகள் மிக அகன்றிருப்பதை 1943இல் கார்ல் செய்ஃபெர்ட் எழுதினார். வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் வாயு பாய்வதன் அடையாளம் அது. 1959இல் மார்கரெட் பேர்பிட்ஜ், கணவரோடும் பிரெண்டர்காஸ்ட்டோடும் சேர்ந்து, கோடுகளின் இடப்பெயர்ச்சியிலிருந்து மண்டலத்தின் சுழற்சியையும் திணிவையும் கணித்தார்.

இதே மார்கரெட்டுக்கு, பெண் என்பதால், மவுண்ட் வில்சன் அவதான நிலையத்தின் புலமைப்பரிசில் முன்னர் மறுக்கப்பட்டது. 1955இல் கணவரின் உதவியாளர் என்ற பெயரில்தான் அங்கே அவதானித்தார்.

எங்களிற் சிலர் வைத்தியர்களானோம். ஆய்வுகூடத்தில் இரத்தச் சீனியின் அளவைச் சொல்வதும், பெரும்பாலும் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற கணக்குத்தான். அந்த அரியம் எங்களைக் கைவிடவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள்: நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கு ஆய்வுகூடத்துக்குப் போகட்டும். நம் தங்கையர் முறைக்காகக் காத்து நிற்க வேண்டாம்.